ஒரு ஆப், இரண்டு போன்! ஏர்பிஎன்பி ஏன் பாதி வழியில் திரும்பியது?

ஆண்ட்ராய்டுக்குத் தனியாக, ஐபோனுக்குத் தனியாக எழுதுவதா? இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவை எழுதுவதா? ஆப் உருவாக்குகிறவர்களைத் தூங்கவிடாத கேள்வி இது.

அம்மாவின் கையில் எட்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன். வேலைக்குப் போகும் மகளின் கையில் ஐபோன். காய்கறிக் கடையில் இருவரும் திறப்பது ஒரே கூகுள் பே. பொத்தான்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. பார்ப்பவருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால், ஆப் எழுதுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டு போன்களும் இரண்டு தனி ஊர்கள். பேச்சு வேறு, வழக்கம் வேறு, வாசலில் நிற்கும் காவல்காரரும் வேறு.

ஐபோனுக்கு எழுத ஸ்விஃப்ட் என்ற மொழி. ஆண்ட்ராய்டுக்கு கோட்லின். (செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே இருக்கும் ஒரு தீவின் பெயர் அது!) ஒன்றில் எழுதியது மற்றொன்றில் ஓடாது. ஆகவே இரண்டு குழுக்கள், இரண்டு சம்பளப் பட்டியல்கள், ஒரே பிழையை இரண்டு இடத்தில் திருத்தும் கொடுமை. பெரிய வங்கிக்கு இது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். ஐந்து பேர் சேர்ந்து, கையில் இருக்கும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் புதிய கம்பெனிக்கு இது உயிர்ப் பிரச்னை.

அதனால்தான் 'கிராஸ் பிளாட்ஃபார்ம்' என்று சொல்லப்படும் ஃபிரேம்வொர்க்குகள் வந்தன. ஒரு தடவை எழுதினால் போதும், இரண்டு போனிலும் ஓடும் என்பது அவை தரும் வாக்குறுதி. வாக்குறுதி புதிதல்ல. 1995-ல் ஜாவா மொழியை வெளியிட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ், 'ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு' என்றுதான் விளம்பரம் செய்தது. 'ஒருமுறை எழுது, எங்கும் பிழை திருத்து' என்று புரோகிராமர்கள் அப்போதே அதைக் கிண்டலடித்தார்கள். முப்பது வருடம் ஆகிவிட்டது. அந்தக் கிண்டலும் பழசாகவில்லை, அந்த ஆசையும் தீரவில்லை.

ஸக்கர்பெர்க் ஒப்புக்கொண்ட தவறு

2012 செப்டம்பர். சான்ஃப்ரான்சிஸ்கோவில் டெக்கிரஞ்ச் நடத்திய மாநாட்டு மேடையில் மார்க் ஸக்கர்பெர்க். நான்கு மாதங்களுக்கு முன்புதான் ஃபேஸ்புக் பங்குச்சந்தைக்கு வந்திருந்தது. பங்கின் விலையோ சரிந்துகொண்டிருந்தது. 'மொபைலில் கோட்டைவிட்டுவிட்டார்கள்' என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். அந்த மேடையில் அவர் ஒளிக்காமல் சொன்னார்: எச்டிஎம்எல்5-ஐ அளவுக்கு மீறி நம்பியதுதான் தங்கள் கம்பெனி செய்த மிகப்பெரிய தவறு.

அவர்கள் செய்தது இதுதான். இணையப் பக்கங்களை எழுதும் அதே தொழில்நுட்பத்தில் ஆப்பின் பெரும்பகுதியை எழுதி, மேலே ஐபோன் உறை ஒன்றை மாட்டினார்கள். ஒரே பக்கம் எல்லா போனுக்கும் போகும், செலவு மிச்சம். ஆனால், விரலால் தள்ளினால் பக்கம் திணறியது. படம் வர நேரம் பிடித்தது. அந்தப் பேட்டிக்கு ஒரு மாதம் முன்னால், 2012 ஆகஸ்ட்டில், ஐபோன் ஆப்பை அடியோடு மாற்றி, ஐபோனின் சொந்த மொழியிலேயே எழுதி வெளியிட்டிருந்தார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நேராக இருந்திருக்கும். முடியவில்லை. 2013-ல் அதே ஃபேஸ்புக்கின் உள்ளே நடந்த ஒரு ஹேக்கத்தானில் முளைத்ததுதான் 'ரியாக்ட் நேட்டிவ்'. 2015 ஜனவரியில் அறிவித்து, மார்ச்சில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சூடுபட்ட அதே வீட்டிலிருந்து அடுத்த அடுப்பு!

மூன்று வழிகள்

ரியாக்ட் நேட்டிவ் எப்படி வேலை செய்கிறது? வடக்கிலிருந்து வரும் தலைவர் இந்தியில் பேச, பக்கத்தில் நிற்பவர் வரிக்கு வரி தமிழில் சொல்வாரே, அப்படித்தான். புரோகிராமர் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதுகிறார். 'இங்கே ஒரு பொத்தான் வை' என்று அது சொன்னால், ஐபோனில் ஐபோனின் சொந்தப் பொத்தானும், ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டின் சொந்தப் பொத்தானும் வந்து உட்காரும். நிதானமாகப் பேசினால் பிரச்னை இல்லை. தலைவர் வேகமெடுத்தால் மொழிபெயர்ப்பாளர் மூச்சு வாங்குவார். நீளமான பட்டியலைச் சரசரவென்று தள்ளும்போது ஆரம்பகால ரியாக்ட் நேட்டிவ் தடுமாறியதற்கு இந்த இடைத்தரகர்தான் முக்கியக் காரணம்.

கூகுளின் 'ஃப்ளட்டர்' வேறு ரகம். அந்தக் கால நாடகக் கம்பெனி திரைச்சீலை, விளக்கு, சிம்மாசனம் எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். எந்த ஊராக இருந்தாலும் ஒரு காலி மைதானம் இருந்தால் போதும். ஃப்ளட்டரும் போனிடம் கேட்பது காலித் திரை ஒன்றைத்தான். பொத்தான், எழுத்து, நிழல் எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும். எழுதும் மொழி டார்ட். 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்தது. எந்த போனிலும் ஒரே மாதிரி தெரியும் என்பது இதன் பெரிய பலம். மூட்டை முடிச்சையும் சேர்த்துத் தூக்கிச் செல்வதால் ஆப்பின் எடை சில எம்.பி. கூடும் என்பது விலை.

மூன்றாவது, கோட்லின் மல்ட்டிபிளாட்ஃபார்ம். சமையல் ஒன்று, பந்தி இரண்டு. கணக்குப் போடுவது, சர்வரிடம் பேசுவது, தகவலைச் சேமிப்பது போன்ற உள்வேலைகளைப் பொதுவாக எழுதிவிட்டு, கண்ணில் படும் திரையை மட்டும் அந்தந்த போனுக்கு ஏற்ப எழுதிக்கொள்ளலாம். 2023 நவம்பரில்தான் இது முழுத் தகுதி பெற்றது. வேண்டுமானால் திரையையும் பொதுவாக எழுதலாம் என்ற வசதி ஐபோனுக்கு உறுதியான வடிவில் வந்தது 2025-ல்.

இணையப் பக்கத்துக்கு உறை மாட்டும் பழைய வழியும் சாகவில்லை. தியேட்டர் டிக்கெட், பள்ளிக்கூட அறிவிப்பு மாதிரியான எளிய ஆப்களுக்கு அது இன்றும் தாராளமாகப் போதும். அதைச் சொன்னால் புரோகிராமர்கள் முகம் சுளிப்பார்கள், அது வேறு விஷயம்.

ஏர்பிஎன்பியின் இரண்டு வருடம்

வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் அமெரிக்க நிறுவனம் ஏர்பிஎன்பி. 2016-ல் அவர்களுக்கு ஒரே கவலை. ஆட்கள் எல்லோரும் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு போனில் முன்பதிவு செய்ய ஆரம்பித்திருந்தார்கள். ஆனால், அதற்கு ஈடுகொடுக்க ஆண்ட்ராய்டு, ஐபோன் இன்ஜினீயர்கள் போதவில்லை. வெப்சைட் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் ஆட்கள் இருந்தார்கள். ரியாக்ட் நேட்டிவைக் கொண்டுவந்தால் அவர்களையும் மொபைல் வேலைக்கு இழுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். தப்பான கணக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டு வருடம் கழித்து, 2018 ஜூனில், ரியாக்ட் நேட்டிவைக் கைவிடுகிறோம் என்று அறிவித்தார்கள். அதோடு நிற்கவில்லை. கேப்ரியல் பீல் என்ற இன்ஜினீயர், என்ன செய்தோம், எது நன்றாக இருந்தது, எங்கே இடித்தது என்பதை ஐந்து கட்டுரைகளாக எழுதி வெளியிட்டார். தோல்வியைப் பூசி மெழுகாமல் எழுதும் கம்பெனிகள் அபூர்வம். அதனாலேயே இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வாக்குறுதியின் முக்கியமான பாதி நிறைவேறியிருந்தது. ரியாக்ட் நேட்டிவில் எழுதிய பெரும்பாலான வசதிகளில் 95 முதல் 100 சதவிகித கோடிங்கை இரண்டு போனுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ள முடிந்தது. இந்த போனுக்கென்று தனியாக எழுத வேண்டிவந்த ஃபைல்கள் 0.2 சதவிகிதம்தான். பிறகு ஏன் விட்டார்கள்?

முதல் இடி, தொடக்கத்தில். ரியாக்ட் நேட்டிவ் திரை ஒன்றைக் காட்டுவதற்கு முன்னால் உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின் எழுந்து, பல் தேய்த்து, தயாராக வேண்டும். ஏர்பிஎன்பி அளவுக்குப் பெரிய ஆப்பில் அதற்குச் சில விநாடிகள் ஆயின, விலை உயர்ந்த போனிலும்கூட. ஆப்பைத் திறந்ததும் வரும் முதல் திரையை அதில் எழுதவே முடியாது என்ற நிலை.

இரண்டாவது, வீடு ஏற்கெனவே கட்டியிருந்தது. பல வருடங்களாக எழுதிய பெரிய ஆண்ட்ராய்டு ஆப், பெரிய ஐபோன் ஆப். அவற்றின் நடுவே ஆங்காங்கே ரியாக்ட் நேட்டிவ் அறைகளைச் செருகினார்கள். பழைய வீட்டுச் சுவரை உடைத்து அட்டாச்டு பாத்ரூம் கட்டியவர்களுக்கு இந்த வேதனை புரியும். பைப் எங்கிருந்து வருகிறது, வயர் எங்கே போகிறது என்று தேடுவதிலேயே பாதி வேலை. ஒரு திரை பழைய மொழியில், அடுத்தது புதிய மொழியில். இரண்டுக்கும் நடுவே தகவலைக் கடத்தத் தனிப் பாலம். அந்தப் பாலத்தைக் கட்டவும் பராமரிக்கவும் ஆண்ட்ராய்டும் ஐபோனும் தெரிந்தவர்களே வேண்டும். யார் போதவில்லை என்று ஆரம்பித்தார்களோ, அவர்களே இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டார்கள்!

விளைவு, இரண்டு குழுக்களை ஒன்றாக்கப் போனவர்கள் மூன்று குழுக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன், ரியாக்ட் நேட்டிவ். பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்றும் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? ரியாக்ட் நேட்டிவ் அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்ததால், அதையே திருத்தித் திருத்தி, தங்களுக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஐம்பது திருத்தங்கள் வரை சேர்ந்துவிட்டன.

வேலைக்கு ஆள் எடுப்பதிலும் சிக்கல். 'அங்கே எல்லாம் ரியாக்ட் நேட்டிவ்தானாமே' என்ற பேச்சு வெளியே பரவி, நல்ல ஆண்ட்ராய்டு, ஐபோன் இன்ஜினீயர்கள் விண்ணப்பிக்கத் தயங்கினார்கள். உண்மையில் ஆப்பின் சிறு பகுதிதான் அதில் இருந்தது. கணக்குத் தாளில் எழுதவே முடியாத செலவு இது.

இத்தனைக்கும் பிறகு, அதைப் பயன்படுத்திய இன்ஜினீயர்களிடம் கருத்துக் கேட்டார்கள். வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் ரியாக்ட் நேட்டிவையே எடுப்போம் என்றவர்கள் 63 சதவிகிதம்! புதிதாக ஒரு ஆப் தொடங்கினால் பரிசீலிப்போம் என்றவர்கள் 74 சதவிகிதம். விரும்பி அதை எடுத்தவர்களிடம்தான் கேட்டோம் என்பதையும் பீல் நேர்மையாகக் குறிப்பிட்டிருந்தார். ஆக, கைவிடப்பட்டது பிடிக்காத கருவி அல்ல. அந்த வீட்டுக்குப் பொருந்தாத கருவி.

அதற்குப் பிறகு ஏர்பிஎன்பி வேறொரு வழியில் அதே ஆசையைத் தேடிப் போனது. திரையில் என்ன வரவேண்டும், எந்த வரிசையில் வரவேண்டும் என்பதை சர்வரிலிருந்தே அனுப்புவது, அதை வரையும் வேலையை அந்தந்த போனின் சொந்த மொழிக்கு விடுவது. 2021-ல் அதைப் பற்றி எழுதியபோது 'கோஸ்ட் பிளாட்ஃபார்ம்' என்று பெயர் சொன்னார்கள்.

ஆள் போனால் எல்லாம் போச்சு

ஃபைல்களைச் சேமித்துவைக்கும் டிராப்பாக்ஸின் அனுபவம் இன்னும் கசப்பு. 2013 வாக்கில் அவர்கள் இரண்டு ஆப்களுக்கும் பொதுவான பகுதியை சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதினார்கள். அந்த மொழியில் கைதேர்ந்த சிலர் அங்கே இருந்ததால் எடுத்த முடிவு. வருடங்கள் போகப் போக, அந்தச் சிலர் வேறு வேலைகளுக்கும் வேறு கம்பெனிகளுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு அந்த ஆழம் இல்லை. புதிதாக வருகிற மொபைல் இன்ஜினீயர் சி பிளஸ் பிளஸ் எழுத விரும்பவில்லை. பொதுவான கருவிகள் இல்லாததால் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2019-ல், இரண்டையும் தனித்தனியாக எழுதுவதே மலிவு என்று அறிவித்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு சமையல்காரரை நம்பி மெனு கார்டு அச்சடித்த ஹோட்டலின் கதை.

நேர் எதிர்க் கதை கூகுள் பே. 2017 செப்டம்பரில் 'தேஸ்' என்ற பெயரில் இந்தியாவில்தான் அது முதலில் வந்தது. அப்போது ஆண்ட்ராய்டுக்குத் தனி, ஐபோனுக்குத் தனி. இரண்டிலும் சேர்த்து 17 லட்சம் வரி கோடிங் சேர்ந்துவிட்டது. மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற கட்டம் வந்தபோது, இந்த மலையை இன்னும் வளர்ப்பதா என்று யோசித்து, முழுவதையும் ஃப்ளட்டரில் புதிதாக எழுதினார்கள். வந்து நின்றது 11 லட்சம் வரி. கவனிக்க வேண்டியது, அவர்கள் சுவரை உடைத்து அறை செருகவில்லை, வீட்டையே புதிதாகக் கட்டினார்கள். அந்த அளவு பணமும் பொறுமையும் எல்லோரிடமும் இருக்காது. ஃப்ளட்டரைச் செய்தவர்களே அதே கம்பெனியில் இருந்தார்கள் என்பதும் சின்ன உதவி இல்லை.

'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து?

குழந்தையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். ஐபோனின் ஸ்விஃப்ட்டும் மூன்று என்றுதான் எண்ணும். கோட்லினைக் கேட்டால் ஐந்து என்கிறது! டார்ட்டும் ஜாவாஸ்கிரிப்ட்டும்கூட சாதாரணமாக எண்ணினால் ஐந்து. 'மி'யில் இருக்கும் கொக்கியையும், 'ழ்'மேல் இருக்கும் புள்ளியையும் அவை தனித்தனியாக எண்ணுவதே காரணம். பெயரை இத்தனை எழுத்தோடு வெட்டிக் காட்டு என்று எழுதும்போது, புள்ளி உதிர்ந்து 'தமிழ்' என்பது 'தமிழ' ஆகிவிடும்.

தனித்தனியாக எழுதிய ஆப்பில் அம்மா போனில் ஒரு மாதிரியும் மகள் போனில் வேறு மாதிரியும் பெயர் வெட்டுப்படுவது இப்படித்தான். பொதுவாக எழுதினால் இரண்டிலும் ஒன்றுபோல் வெட்டுப்படும். தப்பென்றால் இரண்டிலும் ஒரே தப்பு, ஒரே இடத்தில் திருத்தலாம். டார்ட்டில் எழுத்துகளைச் சரியாக எண்ணுவதற்கென்றே தனித் தொகுப்பு இருக்கிறது. அதை ஞாபகமாகச் சேர்க்க வேண்டும். தமிழ் தெரியாத ஒருவர் எழுதும்போது அந்த ஞாபகம் வருவதில்லை என்பதுதான் தொல்லை.

பார்வையற்றவர்களுக்காக ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று திரையை வாசித்துச் சொல்லும் வசதிகள் உண்டு. போனின் சொந்தப் பொத்தானாக இருந்தால் அதற்கு ஏற்கெனவே தெரியும். ஃப்ளட்டர் தானே வரைவதால், 'இது பொத்தான், இது தலைப்பு' என்று தனியாக ஒரு விவரப் பட்டியல் தயாரித்துக் கொடுக்கிறது. பெரும்பாலும் அது ஒழுங்காக வேலை செய்யும். புரோகிராமர் தன் கற்பனைக்கு ஏற்பப் புதுவிதமாக ஒரு பொத்தானை வரைந்துவிட்டு, அதன் பெயரை எழுத மறந்தால், கண் தெரியாத ஒருவருக்கு அந்த ஆப்பில் அந்தப் பொத்தானே இல்லை.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட போன்கள் ஆண்ட்ராய்டு. திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு ஜவுளிக் கடைக்கு ஐபோன் ஆப் இன்றைக்கே வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. ஃபிரேம்வொர்க் அப்புறம். பல சமயம், போனில் நன்றாகத் திறக்கும் ஒரு வெப்சைட்டே போதும். அதைச் சொல்லும் புரோகிராமர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஐபோனும் வேண்டும் என்றால், ஒரே கோடிங் என்ற பேச்சில் சொல்லாமல் விடப்படும் செலவுகள் உண்டு. எந்த ஃபிரேம்வொர்க்கில் எழுதினாலும் ஐபோன் ஆப்பைக் கடைசியில் தயாரிக்க ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் தேவை. சொந்தமாகவோ, வாடகைக்கோ. கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே ஒரு தடவை 25 டாலர். ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர்.

அடுத்தது, எழுதப்போவது யார்? ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த வெப்சைட் ஆட்கள் கையில் இருந்தால் ரியாக்ட் நேட்டிவ் இயல்பாகப் பொருந்தும். அதுவும் இப்போதிருப்பது ஏர்பிஎன்பி பார்த்த ரியாக்ட் நேட்டிவ் இல்லை. தொடக்கத் தாமதத்தைக் குறைக்க 2019-ல் 'ஹெர்மீஸ்' என்ற புதிய இன்ஜின் வந்தது. மொழிபெயர்ப்பாளர் இடைவெளியை நீக்கிய புதிய கட்டமைப்பு 2024 அக்டோபர் முதல் இயல்பாகவே வருகிறது. ஏர்பிஎன்பி வெளியேறிய ஒன்றரை வருடத்தில், 2020 ஜனவரியில், ஷாப்பிஃபை தன் எல்லாப் புதிய ஆப்களையும் இதில்தான் எழுதப்போவதாக அறிவித்தது. இன்னும் அதில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஆப் ஒன்று ஏற்கெனவே கோட்லினில் ஓடிக்கொண்டிருந்தால், அதை இடிக்காமல் கோட்லின் மல்ட்டிபிளாட்ஃபார்மைப் பார்க்கலாம். வெறும் மைதானத்தில் புதிதாகத் தொடங்கி, எல்லா போனிலும் ஒரே அழகு வேண்டும் என்றால் ஃப்ளட்டர். புளூடூத் கருவியோடு பேசுவது, பின்னணியில் மணிக்கணக்கில் வீடியோ ஏற்றுவது போன்றவைதான் ஆப்பின் உயிர் என்றால், செலவைப் பார்க்காமல் தனித்தனியாக எழுதுவதே நிம்மதி.

'ஃப்ளட்டர் படிக்கவா, ரியாக்ட் நேட்டிவ் படிக்கவா?' என்று கேட்கும் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். எது வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால், அதை மட்டும் படித்து நின்றுவிடுவது ஆபத்து. ஒரு காலத்தில் எல்லோரும் பேசிய போன்கேப்பை அடோபி 2020-ல் மூடியது. மைக்ரோசாஃப்ட் 2016-ல் ஆசையாக வாங்கிய ஸாமரினுக்கு ஆதரவு 2024 மே மாதத்தோடு நின்றது. அதில் எழுதியவர்களை 'டாட்நெட் மௌயி'க்கு மாறிக்கொள்ளச் சொன்னார்கள். அதே ஆண்டு கூகுளின் ஆட்குறைப்பில் ஃப்ளட்டர் குழுவினர் சிலரும் வேலை இழந்தபோது, அதை நம்பிப் பிழைப்பவர்கள் பதறிப்போனார்கள். ஃப்ளட்டர் தொடர்கிறது. ஆனாலும் பதற்றம் நியாயமானதே. கீழே ஓடும் ஸ்விஃப்ட்டோ கோட்லினோ ஒன்றாவது தெரிந்தவருக்கு இந்தப் பதற்றம் பாதிதான்.

முடிவெடுக்கும் முன் செய்துபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆப்பிலேயே கஷ்டமான திரை எதுவோ அதை எடுங்கள். படங்களோடு நீளமாக ஓடும் பட்டியலோ, கேமரா திறக்கும் இடமோ. லாகின் திரையை எடுக்காதீர்கள், அது எதில் எழுதினாலும் அழகாகவே வரும். அந்த ஒரு திரையை மட்டும் இரண்டு ஃபிரேம்வொர்க்கிலும் எழுதி வாங்குங்கள். சோதனைக்கு ஆபீஸில் இருக்கும் புது போன் வேண்டாம். நான்கு வருடப் பழைய ஆண்ட்ராய்டு, மெமரி நிரம்பி வழிவது, எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருப்பது, கண்ணாடியில் ஒரு கீறலோடு இருப்பது. அநேகமாக அது அம்மாவின் கையில்தான் இருக்கும். கேட்டு வாங்கி, அதில் போட்டு ஓட்டிப் பாருங்கள்.